இலைச்சாற்றில் செய்த வெள்ளித் துகள் நுண்ணுயிர்ப் படலத்தைத் தடுக்குமா?

கேள்வி இது: “மூலிகை இலைச்சாற்றைக் கொண்டு வெள்ளி நானோ துகள் தயாரித்து, மருத்துவமனைக் குழாய்களிலும் தண்ணீர்த் தொட்டிகளிலும் பூசினால் பயோஃபிலிம் வராமல் தடுக்கலாம் என்று நிறைய ஆய்வுக் கட்டுரைகள் சொல்கின்றன. உண்மையில் வேலை செய்யுமா? சூழலுக்கு உகந்தது என்று சொல்வதை நம்பலாமா? முதுநிலைத் திட்ட ஆய்வுக்கு இதை எடுத்துக்கொள்ளலாமா?”

சோதனைக் கூடத்துத் தட்டில் வேலை செய்யும், அதில் சந்தேகம் வேண்டாம். நோயாளியின் உடலுக்குள் மூன்று வாரம் கிடக்கும் குழாயில் வேலை செய்யுமா என்பது தனிக் கேள்வி; அதற்குக் கிடைத்திருக்கும் விடை அவ்வளவு தெம்பு தருவதாக இல்லை. சூழலுக்கு உகந்ததா என்று தெரிய வேண்டுமானால் துகளை எந்த இலையில் காய்ச்சினீர்கள் என்று பார்த்துப் பயனில்லை, வேலை முடிந்தபின் அது எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்க்க வேண்டும். தலைப்பைத் தாராளமாக எடுங்கள். எப்படி எடுத்தால் உருப்படியாக இருக்கும் என்பதையும் சொல்கிறேன்.

முதலில் எதிராளியைத் தெரிந்துகொள்வோம். காலையில் பல் துலக்குமுன் நாக்கால் பற்களைத் தடவிப் பாருங்கள், வழவழவென்று ஒன்று தட்டுப்படும். ஊத்தை என்று நாம் சொல்லும் அதுதான் பயோஃபிலிம், தமிழில் உயிரிப்படலம். 1680-களில் ஆண்டனி வான் லேவன்ஹூக் தன் பல்லிலிருந்து அதைச் சுரண்டி உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்து, அதில் நெளிந்த நுண்ணுயிர்களைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். வினிகரால் பல்லைக் கழுவியபோது ஊத்தையின் மேற்புறம் இருந்தவை மட்டுமே செத்தன, வினிகர் உள்ளே இறங்கவில்லை என்று அதில் ஒரு குறிப்பு வருகிறது. பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் குறிப்பு. இந்தத் துறை இன்றுவரை மல்லுக்கட்டுவது அதோடுதான்.

உள்ளே ஏன் இறங்குவதில்லை? படலத்தின் உலர் எடையில் நுண்ணுயிர்கள் பெரும்பாலும் பத்தில் ஒரு பங்குகூட இருப்பதில்லை. மீதியெல்லாம் அவை சுரந்த வழும்பு: சர்க்கரைத் தொடர்கள், புரதங்கள், கொழுப்பு, செத்த உயிரணுக்களிலிருந்து வெளியே வந்த டி.என்.ஏ. இந்த வழும்பு உள்ளே வரும் மருந்தில் ஒரு பகுதியை வழியிலேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. அடுக்கின் அடியில் ஆக்சிஜனும் உணவும் குறைவு என்பதால் அங்கிருக்கும் பாக்டீரியாக்கள் பாதித் தூக்கத்தில் இருக்கும். வளரும் உயிரணுவைக் குறிவைத்து அடிக்கும் மருந்து தூங்குகிறவனை ஒன்றும் செய்யாது. இவற்றுக்குள் இன்னும் பிடிவாதமான சில உயிரணுக்கள் உண்டு. பென்சிலினுக்குத் தப்பிய ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமிகளைக் கண்டு ஜோசப் பிக்கர் 1944-இல் அவற்றுக்கு ‘பெர்சிஸ்டர்’ என்று பெயரிட்டார். எல்லாம் சேர்ந்து, தனியாக நீந்தும் கிருமியைக் கொல்லப் போதுமான மருந்தைவிட 10 முதல் 1000 மடங்குவரை கொடுத்தாலும் படலத்துக்குள் இருப்பது தப்பிவிடும். படலம் வந்தபின் அழிப்பதைவிட வராமல் தடுப்பதே மேல் என்று எல்லோரும் சொல்வதற்கு இதுதான் காரணம்.

தடுப்பதற்கு நமக்குக் கிடைக்கும் நேரம் குறுகியது. புதிய பரப்பு ஒன்றைத் தண்ணீரிலோ சிறுநீரிலோ உமிழ்நீரிலோ வைத்த சில நிமிடங்களில் அதில் கரைந்திருக்கும் புரதங்களும் பிற மூலக்கூறுகளும் பரப்பில் ஒரு மெல்லிய பூச்சாகப் படிந்துவிடும். அதன்மேல்தான் பாக்டீரியா வந்து உட்காரும். முதலில் உட்காருவது தற்காலிகம், கொஞ்சம் அலசினால் போய்விடும். இடம் பிடித்துப்போனால் உயிரணுவுக்குள் சைக்ளிக் டை-ஜி.எம்.பி. என்ற சிறு மூலக்கூறின் அளவு ஏறும். நீந்தும் வாலைக் கைவிட்டுப் பசை சுரக்கத் தொடங்கு என்ற கட்டளை அதுதான். பெருகிய பின், எத்தனை பேர் கூடியிருக்கிறோம் என்பதைத் தாங்கள் வெளியிடும் வேதிச் சமிக்ஞைகளைக் கொண்டு அறிந்துகொள்ளும். இதைக் கோரம் சென்சிங் என்கிறார்கள். கூட்டம் போதும் என்று தெரிந்ததும் கூட்டாக நடந்துகொள்ளத் தொடங்கும்.

ஆகவே தடுப்பவருக்கு நான்கு வாய்ப்புகள் இருக்கின்றன. உட்காரவே விடாமல் செய்யலாம். உட்கார்ந்தது பசை சுரக்காமல் பார்த்துக்கொள்ளலாம். சமிக்ஞையைக் குழப்பலாம். தொட்டதும் கொல்லலாம். நீங்கள் படித்த கட்டுரைகளில் பெரும்பாலானவை நான்காவதை மட்டுமே செய்திருக்கும். எனக்கு நம்பிக்கை தருபவை முதல் மூன்றும்தான். ஏன் என்று சொல்ல வெள்ளியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும்.

ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள வெள்ளிக் கட்டியின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதே கட்டியை 10 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கனசதுரங்களாக நறுக்கிவிட்டால் மொத்த மேற்பரப்பு 600 சதுர மீட்டர் ஆகிவிடும். வெள்ளி வேலை செய்வது மேற்பரப்பில்தான். துளியூண்டு உலோகத்தில் பெரிய விளைவு கிடைப்பதன் கணக்கு இது. துகளின் மேற்பரப்பை ஆக்சிஜன் அரிக்க, வெள்ளி அயனி வெளியேறுகிறது. அந்த அயனி பாக்டீரியாவின் நொதிகளில் உள்ள கந்தகக் கண்ணிகளைப் பிடித்துக்கொண்டு அவற்றைச் செயலிழக்கச் செய்கிறது, சவ்வைக் குலைக்கிறது, உயிரணு ஆற்றல் பெறும் வினைத்தொடரான மூச்சுச் சங்கிலியைத் தடுமாற வைக்கிறது. துகளே நேரடியாகக் கொல்கிறதா, அயனி கொல்கிறதா என்று நெடுநாள் வாதம் நடந்தது. 2012-இல் ரைஸ் பல்கலைக்கழகக் குழு ஒன்று ஆக்சிஜன் இல்லாத சூழலில் இந்தச் சோதனையைச் செய்து பார்த்தது. அயனி வெளியேற வழியில்லாத அந்த நிலையில், வெள்ளி அயனி கொல்லும் அளவைப்போல் பல ஆயிரம் மடங்கு துகளைக் கொட்டியும் பாக்டீரியாக்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இந்த முடிவின் பொருளை நிதானமாக யோசித்துப் பாருங்கள். வெள்ளித் துகள் என்பது அயனிக் கிடங்கு. கரைந்தால்தான் வேலை செய்யும். கரைந்தது பரப்பில் நிற்காது, தண்ணீரோடு போகும். அதாவது எது கிருமியைத் தடுக்கிறதோ, அதுவேதான் வெளியே கசிகிறது. கசிவை நிறுத்தினால் பயன் போய்விடும், பயன் வேண்டுமானால் கசிய விட வேண்டும். வெள்ளிப் பூச்சின் மூலச் சிக்கல் இதுதான். இலைச்சாறு இதை மாற்றாது.

இலைச்சாற்று முறையைத் தாழ்த்திப் பேசுவதாக நினைக்க வேண்டாம், அதன் சிறப்பு எனக்குத் தெரியும். 2004-இல் புனேயில் உள்ள தேசிய வேதியியல் ஆய்வகத்தில் முரளி சாஸ்திரியின் குழு வேப்பிலைச் சாற்றைக் கொண்டு வெள்ளி, தங்கத் துகள்களை உருவாக்கிக் காட்டியது. இந்தத் துறையில் வழிகாட்டியாக அமைந்த ஆய்வுகளில் அது ஒன்று. செயல்முறை அழகானது. வெள்ளி நைட்ரேட் கரைசலில் இலைச்சாற்றைச் சேர்த்தால் நிறமற்ற கரைசல் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகும். ஒளி உறிஞ்சலை அளந்தால் 400 முதல் 450 நானோமீட்டர் அருகே ஒரு முகடு எழும். துகள் உருவாகிவிட்டது என்பதற்கு அது அடையாளம். சாற்றிலுள்ள பாலிஃபீனால்களும் ஃபிளேவனாய்டுகளும் வெள்ளி அயனியை உலோகமாக ஒடுக்குகின்றன. புரதங்களும் பிற சேர்மங்களும் துகளைச் சுற்றிப் போர்வையாக நின்று ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்கின்றன. சோடியம் போரோஹைட்ரைடு, ஹைட்ரசின் போன்ற கடுமையான வேதிப்பொருள்கள் தேவையில்லை, அதிக வெப்பமும் வேண்டாம். நல்லதுதான்.

ஆனால் அந்த வெள்ளி நைட்ரேட் எங்கிருந்து வந்தது? சுரங்கத்தில் எடுத்த வெள்ளியை நைட்ரிக் அமிலத்தில் கரைத்துச் செய்தது. அந்தப் பாதி கட்டுரைகளில் வருவதில்லை. பால் அனஸ்டாஸும் ஜான் வார்னரும் 1998-இல் வகுத்த பசுமை வேதியியலின் 12 கொள்கைகளில், இலைச்சாறு நிறைவு செய்வது ஆபத்து குறைந்த ஒடுக்கி, புதுப்பிக்கத்தக்க மூலப்பொருள் என்று ஒன்றிரண்டை. வேலை முடிந்ததும் பொருள் தீங்கின்றிச் சிதைய வேண்டும் என்றும் அந்தப் பட்டியலில் ஒரு கொள்கை இருக்கிறது. வெள்ளி ஒரு தனிமம், அது சிதையாது. இடம் மாறும், வடிவம் மாறும், அவ்வளவே.

நடைமுறைச் சிக்கலும் உண்டு. ஒரே மரத்தின் இலை மழைக்காலத்தில் ஒரு மாதிரி, கோடையில் ஒரு மாதிரி. கொழுந்துக்கும் முற்றிய இலைக்கும் வேறுபாடு. துகளின் அளவும் போர்வையும் ஒவ்வொரு முறையும் மாறினால் கிருமியின் மீதான விளைவும் மாறும். ஒரு மருத்துவக் கருவியில் பூச வேண்டுமென்றால் இந்தத் தடுமாற்றத்தை யாரும் ஏற்க மாட்டார்கள்.

இனி அது எங்கே போகிறது என்று பார்ப்போம். கசிந்த வெள்ளி கழிவுநீரில் கந்தகத்தோடு சேர்ந்து வெள்ளி சல்ஃபைடு ஆகிறது. 2010-இல் கழிவுநீர்ச் சேற்றிலிருந்தே வெள்ளி சல்ஃபைடு நானோ துகள்களைப் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். சல்ஃபைடு வடிவத்தில் நச்சு வெகுவாகக் குறைகிறது, இது ஆறுதல். ஆனால் அங்கே போய்ச் சேருமுன் அது என்ன செய்கிறது என்பதில் எனக்குக் கவலை உண்டு. கழிவுநீர் சுத்திகரிப்பு நடப்பதே நுண்ணுயிர்க் கூட்டங்களால்தான். அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் வெள்ளிக்கு எளிதில் பணிந்துபோகும் வகை. ஓரிடத்தில் படலத்தைத் தடுக்கப் பூசியது, இன்னோரிடத்தில் நமக்காக உழைக்கும் படலத்தைக் கெடுக்கக்கூடும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஆய்வுக்கென்றே ஒதுக்கப்பட்ட ஏரிகள் இருக்கின்றன. அவற்றில் 222 என்று எண்ணிட்ட ஏரியில் 2014, 2015 ஆண்டுகளில் நானோ வெள்ளியை வேண்டுமென்றே கலந்து கண்காணித்தார்கள். வெள்ளி மீன்களின் உடலில் சேர்ந்திருந்தது.

கடல்சார் துறை இந்தப் பாடத்தைப் பெரும் விலை கொடுத்துக் கற்றது. கப்பலின் அடிப்பகுதியில் முதலில் நுண்ணுயிர்ப் படலமும் பிறகு பாசியும் கொட்டலசும் ஒட்டும். தண்ணீரோடு உராய்வு கூடி எரிபொருள் செலவு ஏறும். இதைத் தடுக்க டிரைபியூட்டைல்டின் என்ற வெள்ளீயச் சேர்மம் கலந்த பெயிண்ட் வந்தது. அபாரமாக வேலை செய்தது. அது கசிந்த தண்ணீரில் பிரான்சின் ஆர்க்கஷோன் விரிகுடாவில் சிப்பிகளின் ஓடு கோணலாகத் தடித்தது, சிப்பித் தொழில் சரிந்தது. நாய்ச்சங்கு எனப்படும் நத்தை இனத்தில் பெண்களுக்கு ஆண் உறுப்பு வளர்ந்து இனப்பெருக்கமே நின்றது. 1982-இல் பிரான்ஸ் சிறு படகுகளுக்கு அதைத் தடை செய்தது. சர்வதேசக் கடல்சார் அமைப்பின் ஒப்பந்தம் 2001-இல் ஏற்கப்பட்டு 2008-இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஒட்டாமல் தடுக்கிறதா என்று மட்டும் கேட்டு, கசிந்தது எங்கே போகிறது என்று கேட்காமல் விட்டதன் விளைவு இது. வெள்ளி அந்த அளவு கொடியது என்று நான் சொல்லவில்லை. கேள்வியை முதலிலேயே கேட்டுவிட வேண்டும் என்கிறேன்.

கசிவில் இன்னொரு ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. பூச்சு தேய்ந்து வரும்போது அயனியின் அளவு கொல்லும் மட்டத்துக்குக் கீழே இறங்கும். கொல்லாத சிறு அளவு வெள்ளி சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியாவின் படலத்தை இன்னும் தடிமனாக்குகிறது என்று 2015-இல் வெளியான ஆய்வு காட்டியது. பாக்டீரியாவுக்கு அது எச்சரிக்கை மணி. உடனே வழும்பைப் போர்த்திக்கொள்கிறது. எதிர்ப்பாற்றலும் வரும். தீக்காயப் பிரிவில் வெள்ளி நைட்ரேட்டுக்கு அடங்காத சால்மோனெல்லா பற்றி 1975-லேயே எழுதியிருக்கிறார்கள்; அந்த எதிர்ப்புக்கான மரபணுத் தொகுதி, பாக்டீரியாக்கள் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்ளும் சிறு டி.என்.ஏ. வளையமான பிளாஸ்மிட் வழியாகப் பிற கிருமிகளுக்கும் தாவக்கூடியது. 2018-இல் செக் நாட்டு ஆய்வாளர்கள் கண்டது இன்னும் வியப்பானது. வெள்ளி நானோ துகளோடு மீண்டும் மீண்டும் பழகிய ஈ.கோலை, தன் வால் புரதமான ஃபிளாஜெல்லினை வெளியே விட்டுத் துகள்களையெல்லாம் ஒன்றாக ஒட்டிக் கட்டியாக்கி வீழ்த்திவிடுகிறது. அந்த ஃபிளாஜெல்லின் உற்பத்தியை மாதுளைத் தோல் சாறு தடுத்தது, துகளுக்கு மீண்டும் வலு வந்தது. தாவரச் சாற்றின் உண்மையான இடம் இங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது: துகளைச் செய்யும் சமையல் பொருளாக இருப்பதைவிட, கிருமியின் தந்திரத்தை முறிக்கும் துணையாக.

மருத்துவக் குழாய் விஷயத்துக்கு வருகிறேன். சிறுநீர் வடிகுழாய் பொருத்தியவர்களுக்குச் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு ஒவ்வொரு நாளும் 3 முதல் 7 சதவீதம் கூடுகிறது, மூல காரணம் படலம்தான். வெள்ளி உலோகக் கலவை பூசிய வடிகுழாய்களைப் பிரிட்டனில் 7,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் சோதித்து 2012-இல் முடிவு வெளியிட்டார்கள். அறிகுறியோடு கூடிய தொற்றில் சாதாரணக் குழாய்க்கும் வெள்ளிக் குழாய்க்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. அது நானோ துகள் பூச்சு அல்ல, உண்மைதான். ஆனாலும் ஆய்வகத் தட்டில் பார்த்ததை அப்படியே நோயாளிக்குக் கொண்டுபோக முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. சிறுநீரில் குளோரைடு நிறைய இருக்கிறது, அயனி வெளிவந்ததும் வெள்ளி குளோரைடாகப் படிந்துவிடும். புரதப் பூச்சு மேலே மூடிவிடும். புரோட்டியஸ் மிராபிலிஸ் என்ற பாக்டீரியா வந்துவிட்டால் யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்கி, சிறுநீரைக் காரமாக்கி, மெக்னீசிய, கால்சிய பாஸ்பேட் படிகங்களால் குழாயையே அடைத்துவிடும். படிகம் மூடிய பூச்சு இருந்தென்ன, இல்லாமலென்ன?

அப்படியானால் எந்த வழி? எனக்குப் பிடித்தவற்றைச் சொல்கிறேன். எல்லாம் ஒரே அளவு முதிர்ந்தவை அல்ல.

மிக அழகான வழி சில்வண்டின் இறகில் இருக்கிறது. 2012-இல் ஆஸ்திரேலியாவில் எலெனா இவனோவாவின் குழு, சால்டோடா கிளாரிபென்னிஸ் என்ற சில்வண்டின் இறகில் உட்கார்ந்த சூடோமோனாஸ் சில நிமிடங்களில் சாவதைக் கண்டது. இறகில் எந்த மருந்தும் இல்லை. சுமார் 200 நானோமீட்டர் உயரத் தூண்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அவற்றின்மேல் ஒட்டிப் படியும் பாக்டீரியாவின் சவ்வு தூண்களுக்கு இடையே இழுபட்டுக் கிழிகிறது. மறு ஆண்டே தட்டான் இறகையும், அதைப் போன்ற கருப்பு சிலிக்கானையும் பற்றி எழுதினார்கள். கசிய எதுவுமில்லை, மருந்துக்கு எதிர்ப்பு வளர்க்க மருந்தே இல்லை. குறைகளும் உண்டு: தடித்த சுவர் கொண்ட கிராம்-பாசிட்டிவ் வகைகளைச் சில்வண்டு இறகால் அவ்வாறு கிழிக்க முடியவில்லை, செத்த உயிரணுக்கள் தூண்களை மூடிக்கொண்டால் மேலே வருபவை சுகமாக உட்காரும், தேய்த்துக் கழுவினால் தூண் உடையும். ஆகவே கழுவித் தேய்க்கும் தரைக்கு இது ஆகாது, யாரும் தொடாத உள்பரப்புக்குப் பொருந்தலாம். சுறாத்தோலைப் பார்த்து ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் ஆண்டனி பிரென்னன் உருவாக்கிய வரிப் பரப்பும் இதே குடும்பம்தான். அதன் வரிகள் மைக்ரோமீட்டர் அளவில் இருப்பதால் நானோ என்று சொல்ல முடியாது, அது கொல்வதும் இல்லை. உட்கார வசதியில்லாமல் செய்கிறது, அவ்வளவே.

இரண்டாவது, சமிக்ஞையைக் குழப்பும் வழி. டெலிசியா புல்க்ரா என்ற சிவப்புக் கடற்பாசியின் மேல் பாக்டீரியா எளிதில் குடியேறுவதில்லை. அது சுரக்கும் ஃபியூரனோன்கள் பாக்டீரியாவின் சமிக்ஞை மூலக்கூறுகளைப் போலவே தோற்றமளித்து அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. கடற்பாசிகளில் இன்னும் சில, ஹாலோபெராக்சிடேஸ் என்ற நொதியை வைத்திருக்கின்றன. கடல்நீரில் இயல்பாகவே இருக்கும் புரோமைடையும் துளி ஹைட்ரஜன் பெராக்சைடையும் சேர்த்து, தன் தோலருகே மட்டும் ஹைப்போபுரோமஸ் அமிலத்தை உண்டாக்குகின்றன. அந்த அமிலத்தால் பாக்டீரியாவின் சமிக்ஞைகள் அங்கேயே சிதைந்துவிடும். ஜெர்மனியில் வோல்ஃப்காங் டிரெமெலின் குழு இந்த நொதியின் வேலையை 2012-இல் வனேடியம் பென்டாக்சைடு நானோ கம்பிகளைக் கொண்டும், பிறகு சீரியம் ஆக்சைடு நானோ தண்டுகளைக் கொண்டும் செய்து காட்டியது. இத்தகைய துகள்களை நானோசைம் என்கிறார்கள். இங்கே துகள் வினையூக்கி. தான் கரைந்து தீராமல் வேலையை நடத்துகிறது. முன்பு சொன்ன ‘பயனே கசிவு’ என்ற முடிச்சு இதில் அவிழ்கிறது. இரண்டில் எனக்கு விருப்பம் சீரியம் ஆக்சைடுதான், வனேடியத்தின் நச்சு அதற்கில்லை.

பல்லுக்கும் இதே வழி வருகிறது. இரும்புச் சத்துக் குறைபாட்டுக்கு ஊசியாகக் கொடுக்கும் ஃபெருமாக்சிடால் என்ற மருந்து உண்மையில் ஓர் இரும்பு ஆக்சைடு நானோ துகள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஹியூன் கூவின் குழு அதை ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்த்து ஊத்தையின் மேல் பயன்படுத்தி 2018-இல் வெளியிட்டது. இந்தத் துகள் அமிலச் சூழலில்தான் தீவிரமாக வேலை செய்கிறது. பல்லை அரிக்கும் படலத்துக்குள்தான் அமிலம் தேங்குகிறது. எங்கே சிக்கலோ அங்கே மட்டும் துகள் விழித்துக்கொள்கிறது. எல்லா இடத்திலும் எல்லாவற்றையும் அடிக்கும் வெள்ளியோடு ஒப்பிட்டால் இதன் நுணுக்கம் புரியும்.

மூன்றாவது, உயிர்ப்பொருளிலிருந்தே துகளைச் செய்வது. இறால், நண்டு ஓட்டிலுள்ள கைட்டினிலிருந்து கைட்டோசான் கிடைக்கிறது. அதில் டிரைபாலிபாஸ்பேட் என்ற உப்பின் கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தால் அறை வெப்பத்திலேயே நானோ துகளாகத் திரளும். நேர்மின் சுமை கொண்ட அது எதிர்மின் சுமை கொண்ட பாக்டீரியாச் சவ்வைப் பிடித்துக்கொள்ளும். காலப்போக்கில் நொதிகளால் சிதைந்தும் போகும். ஆனால் அந்தச் சுமை அமில நிலையில்தான் வலுவாக இருக்கும், பி.எச். 6.5-ஐத் தாண்டினால் தளர்ந்துவிடும். இதைச் சொல்லாமல் நடுநிலைத் தண்ணீருக்குப் பரிந்துரைக்கும் கட்டுரைகளைக் கவனமாகப் படியுங்கள். மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருளை உள்கருவாக வைத்து அதில் வெள்ளி அயனியை ஏற்றிய துகளை வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஓர்லின் வெலெவின் குழு 2015-இல் செய்தது. வெள்ளி முழுவதையும் உலோகக் கருவாக வைக்காமல் தேவையான அயனியை மட்டும் ஏற்றுவதால் குறைந்த வெள்ளியே போதும். அயனி தீர்ந்ததும் மிஞ்சுவது பெரும்பாலும் மரப்பொருள். வெள்ளியை விட முடியாது என்றால் போக வேண்டிய திசை இது. ஹாலோய்சைட் என்ற இயற்கைக் களிமண் நானோ குழல்களுக்குள் ஓமத்தின் தைமாலையோ கார்வக்ராலையோ நிரப்பி மெல்லக் கசிய விடுவதும் இந்த வரிசையில் சேரும். கசிவு இதிலும் உண்டு, ஆனால் கசிவது சிதைந்துபோகும் பொருள்.

துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு பற்றி ஒரு வரி போதும்: டைட்டானியத்துக்குப் புற ஊதா ஒளி வேண்டும், இருட்டுக் குழாய்க்குள் அது சும்மா கிடக்கும், துத்தநாகம் கரைந்து நீர்வாழ் உயிர்களைத் தொடும். குடுவைத் தாவரத்தின் வழுக்கும் விளிம்பைப் பார்த்து ஹார்வர்டில் ஜோயானா ஐசென்பெர்கின் குழு 2011-இல் செய்த எண்ணெய் ஊறிய பரப்பு வேறு ரகம். ஏழு நாளில் சூடோமோனாஸ் படலத்தில் 99.6 சதவீதத்தை அது ஒட்டவிடவில்லை. ஆனால் முதலில் பயன்படுத்திய எண்ணெய் ஃபுளூரின் ஏற்றியது, இயற்கையில் எளிதில் அழியாத குடும்பம். ஒட்டாமை அருமை, பொருள் தவறு. எண்ணெயை மாற்றிச் செய்யும் முயற்சிகளை ஆவலோடு கவனிக்கிறேன்.

உங்கள் ஆய்வுக்கு வருகிறேன். பெரும்பாலானவர்கள் செய்வது இதுதான்: 96 குழித் தட்டில் ஒரு நாள் வளர்த்து, கிரிஸ்டல் வயலெட் சாயம் ஏற்றி, சாயம் குறைந்தால் படலம் குறைந்தது என்று எழுதுவது. அந்தச் சாயம் உயிருள்ளது, செத்தது, வழும்பு என்று பாகுபாடு பார்க்காது. மேலும் துகள் பாக்டீரியாவின் வளர்ச்சியையே தடுத்திருந்தால் படலம் குறைவது இயல்பு. அதைப் படலத் தடுப்பு என்று சொல்லக் கூடாது. வளர்ச்சி குறையாமல் படலம் மட்டும் குறைந்தால்தான் அந்தச் சொல்லுக்குத் தகுதி. எனவே சாயத்தோடு நிறுத்தாமல் உயிரணு எண்ணிக்கையும் எடுங்கள், முடிந்தால் படலத்தை அடுக்கடுக்காகக் காட்டும் கன்ஃபோக்கல் நுண்ணோக்கியிலும் பாருங்கள்.

நான் படித்த இத்தகைய ஆய்வேடுகள் பலவற்றில் மிகவும் வருத்தம் தரும் குறை, ஒப்பீட்டுச் சோதனைகள் இல்லாததுதான். இலைச்சாறு மட்டும் ஒரு குழியில் இருக்க வேண்டும். பாலிஃபீனால்கள் தனியாகவே ஒட்டுதலைக் குறைக்கும், அந்தப் பெருமை துகளுக்குப் போய்விடக் கூடாது. துகளிலிருந்து கரைந்த அளவுக்குச் சமமான வெள்ளி நைட்ரேட் இன்னொரு குழியில். துகளை மையவிலக்கில் வீழ்த்திவிட்டு மேலே நிற்கும் தெளிநீர் மூன்றாவதில். அதுவே முழு விளைவையும் தந்தால் உங்கள் துகள் ஒன்றும் செய்யவில்லை என்று பொருள். இந்த மூன்றும் இல்லாமல் வந்த முடிவை நான் ஏற்பதில்லை.

ஆய்வகத்து ஊட்டக் கரைசலிலும் தட்டிலும் மட்டும் வளர்க்காதீர்கள். குழாய்க்கு என்றால் செயற்கைச் சிறுநீரில், ஓட்டத்தோடு, குறைந்தது ஒரு வாரம் ஓட்டுங்கள். முதல் நாளில் நன்றாகத் தடுத்து ஐந்தாம் நாளில் கைவிடும் பூச்சுகள் நிறைய. கொல்லும் அளவில் மட்டுமல்லாமல் அதன் பாதியிலும் பத்தில் ஒரு பங்கிலும் சோதியுங்கள், படலம் தடித்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். ஒவ்வொரு நாளும் வெளியேறும் நீரில் எவ்வளவு வெள்ளி இருக்கிறது என்று ஐ.சி.பி. கருவியில் அளக்கச் செய்து, அந்த நீரை டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளுக்குக் கொடுத்து 48 மணி நேரம் பாருங்கள். செலவு பெரிதில்லை, கேட்டால் விலங்கியல் துறையில் வளர்ப்பு இருக்கக்கூடும். இதைச் செய்த பிறகு ‘சூழலுக்கு உகந்தது’ என்ற சொல்லை எழுதினால் அதற்கு மதிப்பு இருக்கும்.

தண்ணீர்த் தொட்டி பற்றியும் கேட்டிருந்தீர்கள். நீங்களே செய்த துகளைக் குடிநீர்த் தொட்டியில் பூசவே வேண்டாம், ஆய்வுக்காகக்கூட. அங்கே படலத்தைத் தடுக்கத் தெரிந்த வழிகள் போதும்: ஒளி புகாத மூடி, நீர் தேங்காமல் ஓடுவது, குறித்த காலத்தில் முழுவதும் வடித்துத் தேய்த்துக் கழுவிக் காயவிடுவது. வழும்பைத் தேய்த்து எடுத்தபின் குளோரின் கொடுத்தால் அது வேலை செய்யும். தேய்க்காமல் கொடுத்தால் லேவன்ஹூக்கின் வினிகர் கதைதான்.

தலைப்பை இப்படி வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்: கைட்டோசான் அல்லது லிக்னின் துகளை ஒரு சிலிக்கோன் துண்டின்மேல் வேதிப் பிணைப்பால் நிலையாகப் பொருத்துவது, ஒரு துண்டில் மாதுளைத் தோல் சாற்றோடும் இன்னொன்றில் அது இல்லாமலும். கிருமி ஒன்றே போதும், சூடோமோனாஸ். முதல் மாதம் முழுவதும் படலத்தைத் தொடாமல், பூச்சு பரப்பில் நிற்கிறதா, எவ்வளவு கழன்று போகிறது என்பதை மட்டும் அளந்துவிடுங்கள். நிற்கவில்லை என்றால் பொருத்தும் முறையை மாற்றுங்கள். நின்றபிறகு கிருமியைக் கொண்டு வாருங்கள்.